இரண்டு ஞானமும் ஓர் இருக்கையும்

திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அறியாத தமிழர் இலர். அங்கிருந்து தென்மேற்கே பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்திற்குள் இராசபாளையம் வந்துவிடும். ஒன்று ஆண்டாள் பாடிய ஊர். மற்றொன்று ஆலைச் சங்கு ஊதும் ஊர். ஒன்றில் தேர்வடம் இழுக்கும் கைகள். மற்றொன்றில் நூல் இழுக்கும் கைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியிலோ புண்ணுக்குக் கட்டும் துணியை நெய்யும் கைகள். அந்தக் கைகளின் சொந்தப் புண்ணுக்கு மருந்து எது என்பதுதான் நம் போன்றோர் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி.

அந்த இராசபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கிறித்தவ நற்செய்திக் கூட்டம் ஒன்றை ஓரத்தில் நின்று கேட்டேன். பகுத்தறிவாளனுக்கு அங்கே என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். எதிர்க்கவேண்டியதையும் கேட்டறிந்த பின்னரே எதிர்க்கவேண்டும் என்பது நம் ஆசான்கள் கற்றுத்தந்த முறை. போதகர் நாவன்மை மிக்கவர். அன்றைய பொருள், ‘தெய்வ ஞானமும் உலக ஞானமும்.’ உலக ஞானம் பணத்தைத் தேடும், பதவியைத் தேடும், பொய்யைத் துணைக்கழைக்கும் என்றார். தெய்வ ஞானம் தூய்மையானது, சமாதானமானது, இரக்கம் நிறைந்தது என்றார். உலக ஞானத்தை உதறித் தள்ளுங்கள் என்று முழங்கினார். கூட்டம் தலையசைத்தது.

கலைந்து செல்லும்போது, ஆலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் என் சட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“தம்பி, நீங்கள் சாமி இல்லை என்கிற கட்சி. ஆனாலும் கேட்கிறேன். என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். சாதிச் சான்றிதழ் வாங்கவேண்டும். மதம் என்ற கட்டத்தில் உள்ளதை எழுதினால் ஒரு விலை. மறைத்து எழுதினால் ஒரு விலை. ஐயர் சொன்ன இரண்டு ஞானத்தில் எதைக்கொண்டு நான் அந்தக் கட்டத்தை நிரப்புவது?”

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல இயலவில்லை என்பதே உண்மை. அந்தக் கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

மடல்கள் சொல்வது என்ன?

இருவகை ஞானம் என்னும் கருத்து கிறித்தவ மறைநூலில் முதன்மையாக இரண்டு மடல்களிலே வருகிறது. ஒன்று, பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் மடல். மற்றொன்று, யாக்கோபு என்பார் பெயரால் வழங்கும் மடல். இவ்விரண்டையும் மேற்கோள் காட்டாத போதகர் இல்லை. ஆனால், அவற்றை முழுதும் படித்துக் காட்டும் போதகர் எத்தனை பேர்?

கொரிந்து, வணிகச் செல்வம் கொழித்த கிரேக்கத் துறைமுக நகரம். அந்நகரத்தார்க்கு எழுதப்பட்ட மடலில், உலகத்தின் ஞானத்தைக் கடவுள் மடமையாக்கிவிட்டார் என்கிறார் பவுல். உங்களுள் அறிஞர் பலர் இல்லை, வலியவர் பலர் இல்லை, உயர்குடியினர் பலர் இல்லை என்று நினைவூட்டுகிறார். இதைப் படிக்கும் பகுத்தறிவாளன், அறிவையே பழிக்கிறாரே என்று சினங்கொள்வது இயல்பு. சற்றே பொறுத்து, அதே மடலை மேலும் புரட்டுக. ஒருங்கே உண்ணவேண்டிய திருவிருந்தில் வசதியுள்ளவர் முந்திக்கொண்டு வயிறுமுட்ட உண்ண, இல்லாதவர் பசியோடு நிற்கிறார்களாம். இல்லாதவரை நாணச் செய்கிறீர்களா என்று அவர் சீறுகிறார். ஞானத்தில் தொடங்கிய மடல் பந்தியில் வந்து நிற்கிறது!

யாக்கோபின் மடல் இன்னும் வெளிப்படை. மேலிருந்து வரும் ஞானம், மண்ணுக்குரிய ஞானம் என்று பிரித்துப் பேசுவது அதன் மூன்றாம் அதிகாரம். அதற்கு முந்திய அதிகாரத்தில் என்ன இருக்கிறது? பொன் மோதிரம் அணிந்த ஒருவனும் கந்தல் உடுத்த ஒருவனும் சபைக்குள் வருகிறார்கள். மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை. கந்தல்காரனுக்கு நிற்க ஓர் ஓரம், அல்லது காலடியில் ஓர் இடம். இவ்வாறு வேற்றுமை பாராட்டுகிறவன் தீய எண்ணங்கொண்ட நடுவன் என்று அம்மடல் கடிகிறது. ஐந்தாம் அதிகாரத்திற்குப் போனாலோ, அறுவடை செய்தவனுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. ஆலைகள் நிறைந்த ஊரிலே, கூலிக்காரர் கூடியிருந்த திடலிலே, அன்றைய போதகர் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் பாராமல் இறங்கிவிட்டார்!

மார்ட்டின் லூதர் 1522-ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையில் இம்மடலை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். நம்பிக்கையைவிடச் செயலை வற்புறுத்துகிறதே என்பது அவர் குறை. நமக்கோ, அந்த வைக்கோலில்தான் சிறிது நெல்மணி தென்படுகிறது.

எனவே, நாம் சொல்வது இது. இரண்டு ஞானத்தையும் பிரித்தறிய அம்மடல்களே ஓர் உரைகல்லைத் தருகின்றன. அது வானத்திலே இல்லை. சபையின் இருக்கையிலே இருக்கிறது. இல்லாதவன் எங்கே அமர்கிறான், யாரோடு உண்கிறான்? இதற்கு விடை சொன்னால், அங்கே வாழ்வது எந்த ஞானம் என்பது விளங்கிவிடும்.

ஏசுவே உலக அறிவை முற்றும் வெறுத்தவராகத் தெரியவில்லை. வேலை பறிபோகும் நிலையில், முதலாளியின் கடனாளிகளுக்குக் கடனைக் குறைத்து எழுதி நட்புத் தேடிக்கொண்ட கணக்கன் ஒருவனின் கதையை லூக்கா நூல் கூறுகிறது. அவனுடைய சாமர்த்தியம் அங்கே பாராட்டப்படுகிறது. உலகத்தின் மக்கள் ஒளியின் மக்களைவிடக் கூர்மையானவர் என்றும் சொல்லப்படுகிறது. உலக ஞானம் என்றாலே தீ என்று ஓடுவோர் இக்கதையை எங்கே வைப்பர்?

ஈயம் பூசியவரின் கதை

உலக ஞானத்தை ஒரு பாத்திரமாகவே படைத்துக் காட்டியவர் ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர். ஓட்டைப் பாத்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அரசு ஒப்பாத முறையில் சமயம் பேசினார் என்பதற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் கிடந்தார். 1678-இல் அவர் வெளியிட்ட கதையில், நாச நகரை விட்டுக் கிளம்பும் பயணியை வழிமறித்து அறிவுரை கூறுகிறார் உலக ஞானியார் என்னும் கனவான். ஏன் இந்தத் தொல்லை, பக்கத்தில் ஓர் ஒழுக்க ஊர் இருக்கிறது, அங்கே மதிப்புக்குரிய அண்டை வீட்டார் நடுவே சுகமாக வாழலாம் என்று வழிகாட்டுகிறார். கவனியுங்கள் தோழர்களே! பனியன் கண்ட உலக ஞானம், பசித்தவனின் தந்திரம் அன்று; வயிறு நிறைந்தவனின் புத்திமதி. ஊரோடு ஒத்துப் போ, ஆண்டவனையும் அரசனையும் பகைத்துக்கொள்ளாமல் வாழ் என்னும் கனவான்களின் ஞானத்தைத்தான் அந்தச் சிறைப்பறவை எள்ளி நகையாடியது.

அக்கதையைத் தமிழில் காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை. 1827-இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, 1858-இல் கிறித்தவரானவர். 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த புலமை அவருடையது. கிறித்தவக் கம்பர் என்னும் பட்டமும் அவரை நாடி வந்தது. ஆழ்வார் பாசுரச் சூழலில் வளர்ந்த ஒருவர் அந்த உருக்கத்தைப் புதிய சமயத்திற்கு எடுத்துச் சென்றார் என்பதை அவர் செய்யுளின் நடையே சொல்லும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் திருவில்லிபுத்தூருக்கு அவர் வேதம் மாறிய பின்னும் இலக்கிய உறவினரே.

அவர் தமிழைப் போற்றுகிறோம். ஆனால் திறனாய்வாளன் கடமை போற்றலோடு முடிவதில்லை. பனியன் தெருவிலே பேசப்படும் ஆங்கிலத்தில் எழுதினார். வண்டியோட்டியும் வேலைக்காரியும் படித்தனர். நம் புலவரோ அதைப் பண்டிதரே பொருள் சொல்லத்தக்க செய்யுளில் யாத்தார். ஏழையின் கதை புலவர் மண்டபத்திற்கு ஏறியது. ஏழை வாயிலிலேயே நின்றான். காப்பிய மரபுக்கு அது பெருமை. ஆயினும், கனவான்களைக் குத்திய கதை கனவான்கள் சுவைக்கும் கதையாக மாறியது என்பதை மறைப்பானேன்?

கணிதர் விட்டு வந்தவை

கிருட்டிணப் பிள்ளை மதம் மாறிய அதே 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், சிவகாசியில் ஓர் ஆங்கிலேயர் நுரையீரல் நோயால் இரத்தம் கக்கி இறந்தார். தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் என்பது அவர் பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் 1841-இல் நான்காம் இடம் பெற்றவர். அங்கேயே கல்லூரி ஆசானாக மதிப்போடு வாழ்ந்திருக்கக் கூடியவர். 1854-இல் வட நெல்லைச் சீமையில் கூடாரப் பணியைத் தொடங்கினார். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் திருவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பகுதிகள் அன்று திருநெல்வேலி மாவட்டத்தவை. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதே அவை பிரிந்தன. இந்தக் கரிசல் வெளியிலே, வெயிலிலும் புழுதியிலும் கூடாரம் பெயர்த்துப் பெயர்த்து அடித்து ஊர் ஊராக நடந்தார் அவர். தென் நெல்லைச் சபைகள் தம் செலவில் முறைவைத்து அனுப்பிய தமிழ் உபதேசியார்கள் உடன் நடந்தனர். ஆங்கிலேயர் பெயருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது. அந்தத் தமிழர் பெயர்களை இன்று எத்தனை பேர் அறிவர்?

உலக ஞானத்தின் கணக்குப்படி ராக்லண்ட் ஏமாளி. நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். சுகத்தை உதறிவிட்டுக் கொள்கைக்காக நடப்பவனை நாத்திகனும் மதிக்கவேண்டும். அவர் கொள்கை மறுமையைப் பற்றியது. நமக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஓர் ஊரும் விடுபடாமல் சுற்றவேண்டும், ஆட்கள் முறைமாறி வரவேண்டும், செலவைச் சபைகளே ஏற்கவேண்டும் என்னும் திட்டம் எந்த ஞானத்தின் பிள்ளை? தெய்வத்தின் பெயரால் நடந்த அப்பணியும் உலக அறிவின் காலைக்கொண்டே நடந்தது.

வேலூரைப் பாருங்கள். ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாய் இருந்தபோது, ஓர் இரவில் பிள்ளைப்பேற்றுக்குத் தவித்த மூன்று பெண்களின் வீட்டார் அடுத்தடுத்து வந்து அவரைத் துணைக்கு அழைத்தனர். மருத்துவரான அவர் தந்தையை அழைக்க மனம் ஒப்பவில்லை, ஆண் தொடலாகாதாம்! விடிவதற்குள் மூவரும் மாண்டனர். வேண்டுதல் மட்டும் போதும் என்று அந்தப் பெண் இருந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை கண்டார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இரக்கம் அவரை அழைத்தது. உயிரைக் காத்தது உடற்கூற்றியல். இதில் எது தெய்வ ஞானம், எது உலக ஞானம் என்று கோடு கிழிக்க முடியுமா?

சாட்டை சுவரான கதை

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இல்லாதவனை இழிவு செய்வோரைச் சாடுவதற்காக எடுக்கப்பட்ட சாட்டை அந்த இருவகை ஞானம். நம் நாட்டிலே அது எதுவாயிற்று? சாதியைக் காக்கும் சுவராயிற்று!

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நோபிலி, பூணூலும் குடுமியும் சாதி வழக்கமும் உலகியலைச் சேர்ந்தவை, சமயத்தைச் சேர்ந்தவை அல்ல என்று வாதாடினார். போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி 1623-இல் அவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார். உயர்சாதியார்க்கு ஒரு வகைக் குரு, தாழ்த்தப்பட்டோர்க்கு வேறு வகைக் குரு என்னும் ஏற்பாடும் வளர்ந்தது. தரங்கம்பாடியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் கோவிலிலும் சாதிக்காரரும் தாழ்த்தப்பட்டோரும் தனித்தனியே அமர்ந்தனர். விண்ணகத்தில் ஒன்று, மண்ணகத்தில் இரண்டு! ஞானம் மேலே, சாதி கீழே. இரண்டும் ஒன்றையொன்று தொடா. தீண்டாமை ஞானத்திற்கும் வந்துவிட்டது!

இதை எதிர்த்த கிறித்தவர் இல்லையா? இருந்தனர், மறைப்பது நேர்மையன்று. பாளையங்கோட்டையில் இரேனியஸ் தம் மாணவரிடையே சாதி வேற்றுமைக்கு இடந்தர மறுத்தார். தஞ்சையில் பெரும்புலவர் வேதநாயக சாத்திரியார் அத்தகைய சீர்திருத்தங்களை எதிர்த்து எழுதினார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதியை உடனே, முற்றும் கைவிடவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். விளைவு என்ன? தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். கிறித்துவை விட்டாலும் விடுவோம், சாதியை விடோம் என்பதல்லவா அதன் பொருள்? பின்னர் வந்த லைப்சிக் சங்கத்தார் சாதியிடம் மெத்தனமாக நடந்தனர். வெளியேறியோர் பலர்க்கு அங்கே இடம் கிடைத்தது.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 1872-இல் கட்டிய கோவில் விந்தையானது. பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. ஒன்று வேளாளர்க்கு, மற்றொன்று நாடார்க்கு. ஒருவரை ஒருவர் காணாதபடி நடுவே தடுப்பு. 1910-இல் கௌசானல் அடிகள் அத்தடுப்பை இடித்தார். உடனே வழக்கு எழுந்தது. ஆண்டவன் முன்னே சமமாக நிற்கமாட்டோம் என்று உரிமை கேட்டு நீதிமன்றம் ஏறினர் பக்தர்கள்! அவர்கள் தோற்றனர் என்பது நமக்கு ஆறுதல். ஆனால் தோற்றது வழக்கு; சாதி தோற்றதா?

2008 மார்ச்சு மாதத்தில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறித்தவர் தனிப் பங்கும் சம உரிமையும் கேட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கும் சாதிச் சுவர் நின்ற செய்தியை இந்த நூற்றாண்டின் ஏடுகளிலும் படித்தோம். உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உள்ளவர்கள், எழும்போது எந்தப் பக்கம் எழுவது என்பதற்கும் ஏற்பாடு செய்துவிட்டனர் போலும்! 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை வழங்குகிறது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டுவோம். மதுரைக்கு டி நோபிலி வந்து நானூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து அந்த ஒப்புதல் வந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

கட்டத்திற்குள் அகப்பட்டவர்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் வாயில் திறந்தது. கிறித்தவர்க்கும் முசுலிம்களுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஏரிக்கரைக் குடிசை மாறவில்லை; செய்யும் தொழில் மாறவில்லை; தேநீர்க்கடையில் பார்க்கும் பார்வை மாறவில்லை; மதம் என்னும் கட்டத்தில் ஒரு சொல் மாறியது. அந்த ஒரு சொல்லுக்காகப் பட்டியல் சாதியினர்க்குரிய கல்வி இடம் போயிற்று, வேலை போயிற்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் போயிற்று. அடித்தவன் மதம் பார்த்தா அடித்தான்? சாதி பார்த்தல்லவா அடித்தான்!

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளி, தம் இனத்தார்க்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தமக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்சநீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே இழிவும் அதே கொடுமையும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று 1985-இல் வழக்கு தள்ளப்பட்டது. வெயிலில் குந்தியிருந்தவனின் முதுகே சான்றாகப் போதவில்லை! 2007-இல் அரங்கநாத் மிசுரா ஆணையம், பட்டியல் சாதி நிலையை மதத்தோடு பிணைக்கும் கட்டை அவிழ்க்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022-இல் ஒன்றிய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கிறித்தவரான ஆதிதிராவிடர்க்கும் அவ்வுரிமை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டே வேலைக்காக இந்து எனச் சான்றிதழ் கேட்பது அரசமைப்பையே ஏய்க்கும் செயல் எனக் கடிந்தது.

எனவே, ஏழை வீட்டில் இரண்டு பெயர்கள் வாழ்கின்றன. கோவிலில் ஒரு பெயர். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். மேடையில் நிற்பவர் இதை உலக ஞானம் என்று பழிக்கிறார். மன்றத்தில் இருப்பவர் இதை ஏய்ப்பு என்று பழிக்கிறார். இருவரும் பழிக்கும் அந்த ஏழையை நோக்கி நாமும் கல்லெறிவதா? பொய் நன்றென்று நாம் சொல்லவில்லை. பொய் சொன்னாலன்றிப் பேத்தி படிக்க முடியாது என்னும் நிலையை உண்டாக்கியவர் யார் என்று கேட்கிறோம். மோதிரக்காரன் உள்ளே சாதியைக் காப்பாற்றிக்கொண்டு, வெளியே மதிப்பையும் காப்பாற்றிக்கொள்கிறான். அவனுக்கு இரண்டு பெயர் தேவையில்லை. கந்தல்காரனுக்கோ உள்ளே சாதி உண்டு, அதனால் இழிவு உண்டு. வெளியே சாதி இல்லை, அதனால் உரிமை இல்லை. உலக ஞானத்தின் குற்றத்தை எவன் கணக்கில் எழுதவேண்டும்?

நம் முகத்துக்கும் ஒரு கண்ணாடி

தோழர்களே! இதுவரை படித்துவிட்டு, கிறித்தவரை நன்றாகச் சாடினான் என்று மகிழ்ந்திருந்தால், கட்டுரையைத் தவறாகப் படித்தீர்கள் என்பேன். பெர்ட்ரண்ட் ரசல் தாம் ஏன் கிறித்தவர் அல்லர் என்று 1927-இல் ஆற்றிய உரையை நம்மவர் விரும்பிப் படிப்பர். கடவுள் உண்டு என்னும் வாதங்களை அது தகர்க்கும். ஆனால் வடக்கன்குளத்துச் சுவரைத் தகர்க்க அது போதாது; ரசலுக்கு அந்தச் சுவர் தெரியாது. கடவுளை மறுத்துவிட்டுச் சாதியைக் கைக்கொள்ளும் ஒருவன் மோதிரக்காரனுக்கு இருக்கை தேடித்தரும் ஆளே அன்றி, நம்மவன் அல்லன்.

நம் இருக்கைகளைப் பார்ப்போம். படிப்பகத்தில் அருந்ததியர் தெருவிலிருந்து வரும் இளைஞன் எங்கே அமர்கிறான்? செயலாளர் நாற்காலியிலா, கொடிக்கம்பத்தின் அடியிலா? மேடையில் சுயமரியாதை பேசும் நம் வீட்டுத் திருமணங்களில் மணமகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள்? பேரறிஞர் அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் பெருவெற்றி. ஆனால் அதுவும் இந்துத் திருமணச் சட்டத்தின் திருத்தமே. இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் அது செல்லும். இராசபாளையத்து இந்து இளைஞனும் சிவகாசிக் கிறித்தவப் பெண்ணும் அவரவர் மதம் மாறாமல் மணக்க விரும்பினால், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டிக் காத்திருக்கவேண்டும். அந்த முப்பது நாளில் அவர்களுக்குத் துணைநிற்க நம் மன்றங்களில் எத்தனை பேர் அணியமாய் உள்ளனர்? வெற்றியைக் கொண்டாடினால் போதாது, விடுபட்டதை முடிக்கவேண்டும்.

வள்ளுவர் அறிவை மேலது கீழது என்று இரண்டாக்கவில்லை. பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் எண்ணிக் காவாவிடத்து, அறிவால் ஆகும் பயன் உண்டோ என்றுதான் அவர் கேட்டார். யாக்கோபின் மடல் இருக்கையில் வைத்த உரைகல்லும், வள்ளுவர் துன்பத்தில் வைத்த உரைகல்லும் வேறல்ல. அந்த உரைகல்லில் உரசினால் தெய்வ ஞானம் என்று பெயர் சூட்டப்பட்ட பல பொருள் பித்தளையாகத் தெரியும். பகுத்தறிவு என்று பெயர் சூட்டப்பட்ட சில பொருளும் பித்தளையாகத் தெரியும். அஞ்சாமல் உரசுவோம்.

பெரியவர்க்கு விடை

அடுத்த வாரம் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்றேன். இங்கே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். உள்ளதை எழுதினால் இன்றைய சட்டப்படி என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, மறைத்து எழுதினால் பின்னாளில் என்ன இடர் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். நிரப்பவேண்டியவர் அவரும் அவர் பேத்தியும். அந்த முடிவை அவர்களுக்காக எடுக்க எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் கூறினேன்.

“ஐயா, எதை எழுதினாலும் நீங்கள் நாணவேண்டியதில்லை. இப்படி ஒரு கட்டத்தை அச்சடித்தவர்களும், அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசாமல் ஞானத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுமே நாணவேண்டும்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“நாணத்தை வைத்து என்ன செய்ய, தம்பி? ஐயரிடம் போய்க் கேட்கப் போகிறேன். அடுத்த கூட்டத்தில் அந்த இரண்டாம் அதிகாரத்தைப் படியுங்கள் என்று. நீங்களும் வாருங்கள். ஓரத்தில் நிற்கவேண்டாம், என் பக்கத்தில் உட்காருங்கள்.”

போகத்தான் போகிறேன். நம்பிக்கையற்றவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே வரிசையில் இருக்கை கேட்டுப் போகிறேன். அந்த இருக்கை கிடைக்கும் நாள்வரை ஞானத்தைப் பற்றிய பேச்செல்லாம் வெறும் பேச்சே. தோழர்களே, உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெரியவர் இருப்பார். அவர் பக்கத்தில் போய் அமருங்கள்!